பகிர்வுத் தொழில்கள் கணக்குப் புத்தகத்தையும் திறக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பகிர்வுப் பொருளாதாரத்தில் இறங்கியிருக்கும் இளைஞர்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். வீட்டு வாசலில் சும்மா நிற்கும் காரை வாடகைக்கு விடுவது, பிள்ளைகள் கல்யாணமாகிப் போனபின் காலியாகக் கிடக்கும் அறையைச் சுற்றுலாப் பயணிக்குக் கொடுப்பது, ஒருவர் வாங்கிப் போட்டிருக்கும் புல்வெட்டும் இயந்திரத்தை அடுத்த தெருக்காரர் எடுத்துப் பயன்படுத்துவது என்று அவர்கள் தொடங்கியிருக்கும் முயற்சிகள் பாராட்டத்தக்கவையே. ஆனால் திரட்டிய முதலீடு எவ்வளவு, செயலியைப் பதிவிறக்கியவர்கள் எத்தனை பேர் என்றெல்லாம் விவரித்த அக்கட்டுரையில், தன் காரையும் அறையையும் உழைப்பையும் அந்தச் செயலியில் போடுகிற ஒருவர் அந்நிறுவனத்தின் கணக்கில் எதைப் பார்க்க முடியும், எதைப் பார்க்க முடியாது என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. விடுபட்டுப் போன அந்த வரியைப் பற்றியே இக்கடிதம்.

நான் கணக்கெழுதியே காலம் தள்ளியவன். ஓய்வு பெற்ற பின்னும் அந்தப் பழக்கம் விடவில்லை. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் தெருவில், வங்கிக் கடனில் இரண்டு கார்களை வாங்கிச் செயலி வழியாக ஓடவிட்டிருக்கும் ஒருவருக்கு வருமான வரிக்கான கணக்கை நான்தான் எழுதிக் கொடுக்கிறேன். செயலி நிறுவனம் அவரைப் ‘பார்ட்னர்’ என்று அழைக்கிறது. வாரந்தோறும் அவருக்கு வரும் அறிக்கையில் மொத்த வசூல், கமிஷன், முன்பதிவுக் கட்டணம் ஆகியவற்றுக்குக் கீழே ‘சரிக்கட்டல்’ என்று ஒரு வரி இருக்கும். சில வாரங்களில் அது கூட்டும், பல வாரங்களில் கழிக்கும், எந்த வாரத்திலும் ஏன் என்று சொல்லாது. ஒருமுறை அவருடைய ஓட்டுநர், தாம் ஏற்றிச் சென்ற பயணியின் கைப்பேசியைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தபோது, பயணி கட்டியது 112 ரேண்ட் என்றும் அதே பயணத்துக்குத் தம் திரையில் காட்டப்பட்டது 71 ரேண்ட் என்றும் கண்டார். இடையில் நின்ற 41 ரேண்ட் முழுவதும் கமிஷனா, தள்ளுபடி எதையேனும் ஈடுகட்டியதா, வேறு ஏதாவதா என்று நான் மூன்று கடிதம் எழுதிக் கேட்டும், ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்பதற்கு மேல் பதில் வரவில்லை. பங்காளி என்று பெயர் வைத்துவிட்டுப் பேரேட்டைக் காட்ட மறுப்பதை என் தொழிலில் நான் வேறெங்கும் கண்டதில்லை.

தென்னாப்பிரிக்காவில் பகிர்ந்து பயணம் செய்வது கைப்பேசியோடு வந்த புதுமை அன்று. மினிபஸ் டாக்ஸியில் பின்னிருக்கைக்காரர் நீட்டும் காசு தோள் தோளாகக் கைமாறி முன்னிருக்கைக்கு வருகிறது. ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், அந்தப் பயணத்துக்குக் காசாளர் ஆகிவிடுகிறார். யாருக்கு எவ்வளவு மீதி என்று எண்ணித் திருப்பிக் கொடுக்கிறார். அந்த வண்டிக்குள் கட்டணம் எவ்வளவு என்பது பதினைந்து பேருக்கும் தெரியும். (அத்தொழிலின் வரிக் கணக்கும், வழித்தடங்களுக்காகச் சிந்தப்பட்ட இரத்தமும் வேறு கதை, அதை நான் மறைக்கவில்லை.) அதே டாக்ஸிகளில் பல, 1980-களின் பிற்பகுதியில் அரசு அத்தொழிலைத் திறந்துவிடும் வரை உரிமமின்றி ஓடியவைதாம். அதற்கும் முன்பு, 1930-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ்ச் சான்றிதழ் கேட்டு உள்ளூர் வாரியங்களின் முன் நம் இந்தியப் பேருந்து உரிமையாளர்கள் நின்ற காலம் ஒன்று உண்டு. ஆகவே சட்டத்தின் அனுமதி ஒன்று, மக்களின் ஏற்பு வேறொன்று என்பதை இந்நாட்டுத் தமிழருக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. உரிமம் இல்லாதபோதும் மக்கள் நம்பி ஏறிய வண்டிகள் இருந்தன. உரிமம் இருந்தும் நம்பிக்கை இல்லாத தொழில்கள் இனி வரக்கூடும் என்பதே என் கவலை.

ஊபர் 2013-இல் தென்னாப்பிரிக்காவுக்கு வந்தது. ஏறத்தாழப் பத்தாண்டுகள் அந்நிறுவனத்தின் வண்டிகளும், பின்னர் வந்த போல்ட் போன்றவற்றின் வண்டிகளும், வேறொரு வகை வண்டிக்காக எழுதப்பட்ட உரிமங்களோடோ உரிமமே இல்லாமலோ ஓடின. பிடிபட்டால் பறிமுதல் செய்யப்பட்டவை ஓட்டுநர்களின் வண்டிகள். டாக்ஸி நிலையங்களுக்கு அருகில், தங்களுக்குப் போட்டி என்று கருதிய மினிபஸ் டாக்ஸிக்காரர்களிடம் அடிபட்டவர்களும் அவர்களே. இன்றும் எங்கள் பகுதிக் கடைவளாகத்தின் வாசலில், “பின்னால் ஏறாதீர்கள் அம்மா, முன்னால் வந்து உட்காருங்கள், பார்க்கிறவர்களுக்குச் சொந்தக்காரர் மாதிரித் தெரியட்டும்” என்று ஓட்டுநர் தாழ்ந்த குரலில் சொல்வதைப் பயணம் செய்யும் எவரும் கேட்டிருப்பார்கள். கோடிக்கணக்கில் முதலீடு திரட்டிய ஒரு தொழிலின் முறைமை, கடைசியில் ஒரு பயணி எந்த இருக்கையில் உட்காருகிறார் என்பதில் போய் ஒளிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இதற்கு முடிவு கட்டத்தான் தேசிய நிலப் போக்குவரத்துத் திருத்தச் சட்டத்துக்கு 2024-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். 2025 செப்டம்பரில் அதற்கான விதிமுறைகள் அரசிதழில் வெளியாயின. செயலி வழி வாடகை வண்டிக்கென்று தனி உரிமம், வண்டியில் அடையாளக் குறி, ஆபத்தில் அழுத்தப் பொத்தான், ஓட்டுநரின் குற்றப் பின்னணிச் சோதனை, செயலி நிறுவனங்களும் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்னும் கட்டாயம் ஆகியவை இப்போது சட்டமாகியுள்ளன. இவற்றை நான் வரவேற்கிறேன். ஆனால் இந்த விதிமுறைகளை ஒரு கணக்கரின் கண்ணோடு படித்தால் ஒன்று புலப்படும். வெளிச்சம் பெரும்பாலும் ஒரே பக்கமாகத்தான் பாய்ச்சப்பட்டிருக்கிறது. ஓட்டுநர் தம் கைரேகையைக் கொடுக்க வேண்டும், வண்டியில் குறி ஒட்ட வேண்டும், எந்தப் பகுதியில் ஓட்டுகிறார் என்று சொல்ல வேண்டும். அவர் எங்கே நின்றார், எத்தனை விநாடி தயங்கினார், எந்த அழைப்பை மறுத்தார் என்பதெல்லாம் ஏற்கெனவே நிறுவனத்துக்குத் தெரியும். மறுபக்கத்தில், கட்டணத்தை எந்தக் கணக்கின்படி நிறுவனம் ஏற்றி இறக்குகிறது, அடுத்த அழைப்பு ஏன் இவருக்குப் போகாமல் அவருக்குப் போகிறது, ஒருவருடைய கணக்கு ஏன் ஒரே இரவில் முடக்கப்படுகிறது ஆகிய மூன்றும் ஓட்டுநருக்கு இன்னும் இருட்டாகவே இருக்கின்றன.

முடக்கம் என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஒரு குடும்பத்தின் கடன் தவணையே அதில் தொங்குகிறது. மேற்சொன்ன அண்டை வீட்டாரின் ஓட்டுநர் ஒருவர், ஒரு திங்கட்கிழமை விடியற்காலையில் கைப்பேசியைத் திறந்தபோது ‘உங்கள் கணக்கு இடைநிறுத்தப்பட்டுள்ளது’ என்ற ஒற்றை வரியைக் கண்டார். பயணி யாரேனும் புகார் கொடுத்தாரா, முகத்தைச் சரிபார்க்கும் படம் மங்கலாக விழுந்ததா, வேறு யாரோ செய்த மோசடிக்கு இவர் பெயர் ஒட்டிக்கொண்டதா என்று தெரியவில்லை. நேரில் போய்க் கேட்கும் அலுவலகத்தில் இருந்த பெண் மரியாதையாகப் பேசினார். ஆனால் அவருடைய திரையிலும் காரணம் இல்லை. நான்கு வாரங்கள் கழித்து, தொடங்கியது போலவே ஒரு வரியும் இல்லாமல் கணக்கு திறந்துகொண்டது. அந்த நான்கு வாரமும் காருக்கான தவணை நிற்கவில்லை.

இது போன்ற வழக்குகளில் நம் நாட்டு ஓட்டுநர்கள் முட்டிக்கொண்ட சுவர் எது என்பது பலருக்கு நினைவிருக்கலாம். முடக்கப்பட்ட ஊபர் ஓட்டுநர்கள் ஊழியர்களே என்று 2017-இல் சமரச, நடுவர் ஆணையமான சி.சி.எம்.ஏ. சொன்னது. 2018 ஜனவரியில் தொழிலாளர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. ஓட்டுநர்கள் வழக்குத் தொடுத்தது ஊபரின் தென்னாப்பிரிக்க நிறுவனத்தின் மீது; அவர்களுடைய ஒப்பந்தமோ நெதர்லாந்தில் பதிவான ஊபர் பி.வி. என்னும் வேறொரு நிறுவனத்தோடு. இங்குள்ள நிறுவனத்துக்கு அவர்கள் ஊழியர் அல்லர் என்ற அளவில் தீர்ப்பு நின்றது; நெதர்லாந்து நிறுவனத்துக்கு அவர்கள் யார் என்ற கேள்வி திறந்தே விடப்பட்டது. டர்பனில் கார் ஓட்டுகிற ஒருவர் தம் முதலாளி யார் என்பதை அறிய ஆம்ஸ்டர்டாம் வரை முகவரி தேட வேண்டியிருக்கிறது என்றால், அங்கே முதலில் தோற்றுப் போவது தொழிலாளர் சட்டம் அன்று, வெளிப்படைத்தன்மைதான்.

அந்த ஆம்ஸ்டர்டாமிலேயே பிறகு நடந்ததைத்தான் நம் ஓட்டுநர் சங்கங்கள் கவனிக்க வேண்டும். 2023 ஏப்ரலில் அந்நகரின் மேல்முறையீட்டு நீதிமன்றம், பிரிட்டனைச் சேர்ந்த ஓட்டுநர்கள் உள்ளிட்டோர் ஊபர், ஓலா ஆகியவற்றின் மீது தொடுத்த வழக்குகளில், முடக்க முடிவுகள் சிலவற்றில் மனிதர் ஒருவர் பார்த்தார் என்பது பெயரளவுக்கே என்றும், அம்முடிவுகளும் கட்டணமும் மதிப்பீடும் எவ்வாறு உருவாகின்றன என்பதற்கான விவரங்களை ஓட்டுநர்களுக்குத் தர வேண்டும் என்றும் பெரும்பாலும் ஓட்டுநர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அவர்கள் ஊழியரா இல்லையா என்ற சண்டைக்குள் அந்நீதிமன்றம் போகவே வேண்டியிருக்கவில்லை. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவர்களுக்குக் கொடுத்திருந்த, தம்மைப் பற்றிய கணக்கைப் பார்க்கும் உரிமையே போதுமானதாக இருந்தது.

அதற்கு ஈடான உரிமை நம்மிடம் இல்லையா? இருக்கிறது, இன்னும் வலுவாகவே இருக்கிறது. 1996-ஆம் ஆண்டின் நம் அரசியலமைப்பு, 32-ஆம் பிரிவில், அரசு வைத்திருக்கும் தகவலைப் பெறும் உரிமையோடு நிற்கவில்லை. ஓர் உரிமையைப் பயன்படுத்தவோ காக்கவோ தேவைப்படுமானால், தனியார் வைத்திருக்கும் தகவலையும் பெறும் உரிமையை எல்லோருக்கும் அளிக்கிறது. உலக நாடுகள் பலவற்றின் தகவல் உரிமைச் சட்டங்கள் அரசு அலுவலக வாசலோடு நின்றுவிடுகையில், நம்முடையது தனியார் கதவையும் தட்டுகிறது. அதைச் செயல்படுத்த 2000-இல் வந்த தகவல் அணுகல் சட்டத்தின் முகப்புரை, 1994-க்கு முந்தைய ஆட்சி முறை அரசு அமைப்புகளில் மட்டுமின்றித் தனியார் அமைப்புகளிலும் மூடுமந்திரப் பழக்கத்தை வளர்த்தது என்றும், அது அதிகார மீறலுக்கும் மனித உரிமை மீறலுக்கும் இடம் கொடுத்தது என்றும் வெளிப்படையாகவே பேசுகிறது. இதோடு, பாப்பியா என்று நாம் அழைக்கும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 71-ஆம் பிரிவு, கணினி தானாகவே எடுக்கும் முடிவு ஒருவரைப் பெரிதும் பாதிக்குமானால் அதற்குக் கட்டுப்பாடு விதிக்கிறது. அத்தகைய முடிவு அனுமதிக்கப்படும் இடங்களிலும், பாதிக்கப்பட்டவர் தம் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்றும், முடிவுக்குப் பின்னுள்ள தர்க்கத்தை அவர் விளங்கிக்கொள்ளப் போதிய விவரம் தர வேண்டும் என்றும் கூறுகிறது. இவ்வளவும் கையில் இருந்தும், போக்குவரத்துத் துறையின் விதிமுறைகளுக்கும், இவ்விரு தகவல் சட்டங்களையும் கண்காணிக்கும் தகவல் ஒழுங்குமுறை அமைப்பின் பணிக்கும் இடையே ஒரு பாலம் போடப்படவில்லை. செயலி நிறுவனத்தைப் பதிவு செய்யும்போதே, கமிஷன் கணக்கையும் முடக்க நடைமுறையையும் எழுத்தில் தாக்கல் செய்து பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று ஒரு விதி சேர்த்திருந்தால் போதும். புதிய சட்டமே தேவைப்பட்டிருக்காது.

பெரிய அயல்நாட்டு நிறுவனங்களைப் பற்றிப் பேசுவது எளிது; அவற்றின் வரலாறும் அப்படி. அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம், ஓட்டுநர்களின் வருமானத்தை மிகைப்படுத்தி விளம்பரம் செய்ததாகச் சுமத்திய குற்றச்சாட்டைத் தீர்த்துக்கொள்ள ஊபர் 2017-இல் 2 கோடி டாலர் கொடுத்தது. அதே ஆண்டில், அதிகாரிகளின் கைப்பேசிகளுக்கு மட்டும் பொய்யான வரைபடத்தைக் காட்டும் ‘கிரேபால்’ என்னும் ஏற்பாடு அம்பலமானது. ஆனால் என் கடிதம் முக்கியமாக அவர்களை நோக்கியதன்று. நல்ல நோக்கத்தோடு, சமூகத்தின் பெயரால், சிறிதாகத் தொடங்குகிற நம் இளைஞர்களை நோக்கியது. சமூகத்தின் பெயரால் தொடங்கியவையே கதவை மூடிக்கொண்ட வரலாறும் உண்டு என்பதால் இதைச் சொல்கிறேன்.

கவுச்சர்ஃபிங் என்ற தளம் 2004-இல் தொடங்கியது. அறிமுகமில்லாத பயணியை வீட்டுக் கூடத்தில் காசில்லாமல் தங்கவைக்கும் உலகளாவிய விருந்தோம்பல் வட்டம் அது. தன்னார்வலர்கள் அதற்கு நிரல் எழுதினார்கள், மொழிபெயர்த்தார்கள், ஊர் ஊராகக் கூட்டம் நடத்தினார்கள். 2011-இல் அது முதலீட்டாளர்களின் பணத்தோடு இலாப நோக்கு நிறுவனமாக மாறியது. உழைத்தவர்களிடம் வாக்கெடுப்பு நடக்கவில்லை. 2020 மே மாதத்தில், பெருந்தொற்றில் உலகமே வீட்டுக்குள் முடங்கியிருந்தபோது, கட்டணம் கட்டாதவர்கள் தம் சொந்தப் பக்கத்தையும், பல ஆண்டுகளாகச் சேர்த்த பரிந்துரைகளையும்கூடப் பார்க்க முடியாதபடி தளம் அடைக்கப்பட்டது. சட்டப்படி அதில் குறை காண்பது கடினம். ஆனால் அன்றிலிருந்து அந்தத் தளம் யாருடையது என்பதில் அதைக் கட்டியெழுப்பியவர்களுக்கு ஐயம் எஞ்சவில்லை.

நியூயார்க்கில் ஜூனோ என்ற டாக்ஸிச் செயலி 2016-இல் வந்தது. ஊபரைவிடக் குறைந்த கமிஷன், அதற்கும் மேலாக ஓட்டுநர்களுக்கு நிறுவனத்தில் பங்கு என்பது அதன் வாக்குறுதி. அந்த வாக்குறுதியை நம்பித்தான் ஓட்டுநர்கள் கூட்டம் கூட்டமாக அதில் சேர்ந்தார்கள். மறு ஆண்டே ஜூனோ 20 கோடி டாலர் அளவுக்குக் கெட் என்ற நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. பங்குத் திட்டம் இரத்தானது; ஓட்டுநர்களுக்குக் கிடைத்தது சொற்பத் தொகை. பங்கின் நிபந்தனைகள் என்ன, நிறுவனம் விற்கப்பட்டால் அவை என்னாகும் என்ற விவரம் முதல் நாளிலேயே பாமரனுக்கும் விளங்கும் மொழியில் எழுதி ஒட்டப்பட்டிருந்தால், இந்த ஏமாற்றத்துக்கு இடம் இருந்திருக்காது. ஓட்டுநர்களை நான் குறை சொல்லவில்லை. ஒப்பந்தத்தின் சிற்றெழுத்தைப் படிக்க வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் வசதி அவர்களுக்கு இல்லை.

நம் நாட்டில் இதற்குச் சமமான பாடம் ஸ்டாக்வெல்களில் கிடைக்கிறது. நம் சீட்டைப் போலவே, உறுப்பினர்கள் மாதாமாதம் பணம் போட்டு முறை வைத்து எடுத்துக்கொள்ளும் அந்த ஏற்பாட்டில் இலட்சக்கணக்கானோர் இருக்கிறார்கள். வங்கிச் சட்டத்திலிருந்து அதற்கு விலக்கே உண்டு. காரணம், உறுப்பினர்களுக்குள் ஒருவரையொருவர் அறிந்த பிணைப்பு இருக்கிறது, ஒவ்வொரு கூட்டத்திலும் எல்லோர் முன்னிலையிலும் பணம் எண்ணப்படுகிறது. இதே பெயரைக் கடன் வாங்கிக்கொண்டு வாட்ஸ்அப்பில் ‘ஸ்டாக்வெல்’ என்று சுற்றிய திட்டங்களில், யார் நடத்துகிறார்கள் என்பதே தெரியாமல் பணம் போட்டு இழந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். இரண்டுக்கும் பெயர் ஒன்றேதான். ஒன்றில் புத்தகம் மேசைமேல் இருந்தது, மற்றதில் புத்தகமே இல்லை.

வெளிப்படைத்தன்மை பற்றிப் பேசினால் உடனே வரும் மறுப்பு, வணிக இரகசியம். கட்டணம் கணிக்கும் நிரலைப் போட்டியாளர் நகலெடுத்துவிடுவார், மோசடிக்காரர்கள் விதிகளைத் தெரிந்துகொண்டு ஏமாற்றுவார்கள் என்கிறார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. மோசடியைக் கண்டுபிடிக்கும் வழியை மோசடிக்காரனுக்கே விளக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் ஒரு பயணத்துக்குப் பயணி கட்டியது எவ்வளவு, நிறுவனம் எடுத்தது எவ்வளவு, ஓட்டுநருக்குப் போனது எவ்வளவு என்ற மூன்று எண்களில் எந்த இரகசியம் அடங்கியிருக்கிறது? மூன்றையும் ஒரே திரையில் இருவருக்கும் காட்டுவதால் ஏமாறப்போகிறவர் யார்? பெங்களூரில் 2022-இல் ஆட்டோ ஓட்டுநர் சங்கத்தின் துணையோடு வந்த ‘நம்ம யாத்ரி’ செயலி, ஒவ்வொரு பயணத்திலும் கமிஷன் எடுப்பதை விட்டுவிட்டு ஓட்டுநரிடமிருந்து சிறிய சந்தாவை மட்டும் பெறுகிறது. தன் நிரலை எவரும் எடுத்துப் படிக்கக்கூடிய திறந்த மூலமாக வெளியிட்டிருக்கிறது. பயணங்களின் எண்ணிக்கையையும் ஓட்டுநர்களின் வருமானத்தையும் யாரும் பார்க்கும்படி இணையத்தில் காட்டுகிறது. அதனால் அந்தத் தொழில் படுத்துவிடவில்லை. பெரிய நிறுவனங்களும் ஆட்டோக்களுக்குச் சந்தா முறையைப் பின்பற்றத் தொடங்கின. அதைக் குறைகளே இல்லாத முன்மாதிரி என்று சொல்ல வரவில்லை. வணிக இரகசியம் என்னும் வாதம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அளக்க அது உதவுகிறது, அவ்வளவே.

நம் போட்டி ஆணையமும் இந்தத் திசையில் ஓரடி வைத்திருக்கிறது. இணையவழி இடைத்தளங்கள் பற்றி 2023 ஜூலையில் அது வெளியிட்ட இறுதி அறிக்கை, உணவு விநியோகச் செயலிகளில் காட்டப்படும் விலை உணவகத்து விலையிலிருந்து வேறுபடக்கூடும் என்பதை வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும் என்றது. சிறிய வரிதான், ஆனால் தோசைக்குச் செயலியில் காட்டப்படும் விலை பற்றிய உண்மை வாடிக்கையாளருக்குத் தெரிய வேண்டும் என்றால், காரோட்டிக்குக் கிடைக்கும் கூலி பற்றிய உண்மை ஏன் தெரியக்கூடாது என்று கேட்க அது வழி செய்கிறது.

வீட்டு அறை வாடகை பற்றியும் எழுத நினைத்தேன். கடிதம் நீண்டுவிட்டதால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். அங்கே வெளிப்படைத்தன்மை இன்னொரு பக்கத்திலும் தேவைப்படுகிறது. டர்பனுக்கு அருகே கடலோர உம்ஹ்லாங்காவில் அடுக்ககம் ஒன்றில் பக்கத்து வீடு வாரத்துக்கொரு முகத்துக்குக் கைமாறும்போது, அது யாருடையது, ஒரே ஆள் எத்தனை வீடுகளை இப்படி நடத்துகிறார் என்பதை அறியும் உரிமை குடியிருப்போருக்கும் நகராட்சிக்கும் உண்டு. பார்சலோனா நகரம் 2028 நவம்பருக்குள் சுற்றுலா வாடகை உரிமங்கள் அனைத்தையும் முடிவுக்குக் கொண்டுவரப்போவதாக அறிவித்திருப்பது, விவரங்களைக் காலத்தில் திறக்காத தொழில்களின் மீது மக்களின் பொறுமை எங்கே போய் முடியும் என்பதைக் காட்டுகிறது.

சின்ன நிறுவனம், இரண்டே பேர், இத்தனை அறிக்கை எழுத எங்கே நேரம் என்று இளைஞர்கள் கேட்கலாம். எங்கள் கோயில் சங்கம் இலாப நோக்கற்ற அமைப்பாகப் பதிவானது. ஆண்டுதோறும் சமூக மேம்பாட்டுத் துறைக்குக் கணக்குத் தாக்கல் செய்கிறது. அது போதாதென்று ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், காவடித் திருவிழாவுக்கு வாங்கிய தேங்காயில் பன்னிரண்டு எங்கே போயின என்று ஒரு பாட்டி எழுந்து கேட்பார். பொருளாளர் பதில் சொல்லாமல் உட்கார முடியாது. சம்பளம் வாங்காத பொருளாளரால் முடிகிற காரியம், முதலீட்டாளருக்கு மாதந்தோறும் வண்ண வரைபடம் அனுப்பத் தெரிந்த நிறுவனத்தால் முடியாதா?

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி இத்தகைய நிறுவனங்களைப் பற்றி எழுதும்போது, அவற்றின் நிறுவனர்களிடம் முதலீட்டுத் தொகையோடு சேர்த்துச் சிலவற்றையும் கேட்டு அச்சிட வேண்டும். உண்மையான உரிமையாளர் யார். 2023 முதல் நிறுவனப் பதிவகத்தில் அதைத் தாக்கல் செய்வது கட்டாயம் என்பதால் சொல்வதில் சிரமமிருக்காது. காரும் அறையும் உழைப்பும் கொடுப்பவரின் ஒப்பந்தம் எந்த நாட்டு நிறுவனத்தோடு. கமிஷன் எவ்வளவு, அதை மாற்ற எத்தனை நாள் முன்னறிவிப்பு. ஒருவரை நீக்கினால் காரணம் எழுத்தில் கிடைக்குமா, மேல்முறையீட்டைக் கேட்பவர் மனிதரா. நிறுவனம் நாளை விற்கப்பட்டால் அதில் சேர்ந்தவர்களின் மதிப்பீடுகளும் தகவல்களும் யாருக்குப் போகும். பதில் சொல்ல மறுத்தால், மறுத்தார்கள் என்றே போடுங்கள்.

ஓட்டுநர்களுக்கும் ஒரு செய்தி. தகவல் அணுகல் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்க வழக்கறிஞர் தேவையில்லை. படிவம் தகவல் ஒழுங்குமுறை அமைப்பின் தளத்தில் கிடைக்கிறது. நிறுவனத்தின் தகவல் அலுவலருக்கு அதை அனுப்பினால் முப்பது நாள்களுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டாலோ மறுத்தாலோ அந்த அமைப்பிடமே புகார் செய்யலாம். எந்த உரிமையைக் காக்க இந்த விவரம் தேவை என்ற கட்டத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். அதில் ‘ஆர்வத்துக்காக’ என்று எழுதினால் விண்ணப்பம் நிற்காது, பாப்பியாவின் 71-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு எழுத வேண்டும். தனியாக ஒருவர் கேட்பதைவிடச் சங்கமாகப் பலர் ஒரே வாரத்தில் கேட்பது நல்லது. மேற்சொன்ன அண்டை வீட்டாருக்கான விண்ணப்பத்தை நான் எழுதத் தொடங்கியிருக்கிறேன். சாட்ஸ்வொர்த் பகுதி ஓட்டுநர்கள் தங்கள் வார அறிக்கைகளை எடுத்து வந்தால், படிவம் நிரப்பித் தரவும் ‘சரிக்கட்டல்’ வரிகளைக் கூட்டிப் பார்க்கவும் நான் ஆயத்தமாக இருக்கிறேன். என் முகவரி தங்கள் அலுவலகத்தில் இருக்கிறது, கேட்பவர்களுக்குக் கொடுக்கலாம்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற கணக்கர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.